கால் மணி நேரம் கழட்டக் கூடாது

"கன்னத்தைக் கடிக்குதா சார்?"

"கடிக்குது." பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது குரல்.

"நல்லது. கடிச்சாத்தான் ஹெல்மெட். கடிக்கலேன்னா தலையில கவுத்த குண்டான்."

கடைக்காரர் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். தலையும் கூடவே ஆடியது. குனியச் சொல்லிப் பின்னாலிருந்து நெம்பிப் பார்த்தார். ஹெல்மெட்டும் நழுவவில்லை, சட்டையின் ஒடுக்கமான பையில் செருகியிருந்த டார்ச்சும் விழவில்லை.

"இப்போ கால் மணி நேரம் அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கழட்டக் கூடாது. நெத்தி வலிச்சா வேற சைஸ்."

"பழசும் இதே மாடல்தாங்க. மூணு வருஷம் போட்டிருக்கேன். பேசாம பேக் பண்ணுங்க."

"என் கடையில அந்த வழக்கமே கிடையாது. போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் பறந்தார். மறுநாளே தலைவலின்னு வந்து என் உயிரை வாங்கிட்டார். உக்காருங்க."

உட்கார்ந்தான். வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுகிறவன் அவன். மூன்று நாள் முன்பு காலையில் கிளம்பும்போது ஹெல்மெட்டைக் காணோம். முந்தின நாள் எந்த வீட்டுச் சுவர்மேலோ மறந்து வைத்துவிட்டோம் என்று தானே முடிவுகட்டி, அறுபது வீட்டுக் கேட்டைத் தட்டி விசாரித்தாயிற்று. இரண்டு நாய் துரத்தியதுதான் மிச்சம்.

வேறு ஹெல்மெட்டாக இருந்தால் போகிறது என்று விட்டிருப்பான். இது மனைவி தையல் கடை போட்டு, முதல் மாத வருமானத்தில் வாங்கிக் கொடுத்தது. "இது இல்லாம வண்டியில ஏறினீங்கன்னா என் முகத்துலயே முழிக்காதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அதைத் தொலைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? "ஆபீஸ்ல மறந்து வெச்சுட்டேன்" என்று மூன்று நாளாகப் புளுகிவிட்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கிறான். உண்மை தெரிந்தால் அவள் திட்ட மாட்டாள். ஒரு வாரம் வாயே திறக்க மாட்டாள். அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் அச்சு அசல் அதே மாதிரி ஒன்றை வாங்க வந்திருக்கிறான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள், அவன் மனைவி.

அவன் சடாரென்று ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியைக் கீழே இறக்கினான். அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். அப்பாடா!

"அண்ணே, என் வீட்டுக்காரருக்கு ஒரு ஹெல்மெட். நீலத்துல வெள்ளைக் கோடு. முன்னாடி இங்கதான் வாங்கினேன்."

"பழசு என்னம்மா ஆச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்க! உள்ளே ஒரே வேர்வை நாத்தம்னு சாயங்காலமா மாடிச் சுவர்மேல காயவெச்சேன். பக்கத்துலயே நின்னு போர்வையை உதறினேன். நேரா கீழே சிமெண்ட் தரைக்குப் போயிடுச்சு."

"உடைஞ்சிடுச்சா?"

"ஒரே ஒரு கீறல்தான். துடைச்சு வெச்சிருந்தா அவருக்குத் தெரிஞ்சே இருக்காது. ஆனா உயரத்திலேருந்து ஒரு தடவை விழுந்துட்டா அப்புறம் போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? தலை அவரோடதாச்சே அண்ணே! மனசு கேக்கல. துணி மூட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டேன்."

ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதும் கொதித்தன. அறுபது கேட்! இரண்டு நாய்!

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எங்கே சொல்றது? அவர் பாட்டுக்குத் தான்தான் தொலைச்சுட்டோம்னு நெனச்சுக்கிட்டு, ஆபீஸ்ல இருக்குன்னு அடிச்சு விடறார். நானும் முகத்தை உம்முனு வெச்சுக்கிட்டு, 'இன்னிக்காவது மறக்காம எடுத்துட்டு வாங்க'ங்கறேன்." சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடிப்பாவி! அவன் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தான். கத்தினான். உள்ளே இடி இடித்தது, கண்ணாடி மூடியிருந்ததால் வெளியே 'ம்ம்ம்' என்று மட்டும் வந்தது.

கடைக்காரர் ஓடிவந்து தோளை அமுக்கினார். "சார், இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. நெத்தி வலிக்குதா?"

சட்டென்று சுதாரித்துக்கொண்டான். இப்போது கழற்றினால் தன் புளுகும் அல்லவா வெளியே வரும்? இல்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். இருக்கட்டும். ராத்திரி சாப்பிடும்போது, "துணி மூட்டையில என்னடி இருக்கு?" என்று ஒரே கேள்வி. ஆயுசுக்கும் அவளை மடக்க அது போதும். நினைக்க நினைக்க இனித்தது. 'தலை அவரோடதாச்சே' என்று அவள் சொன்னதும் எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

கடைக்காரர் அலமாரியைத் துழாவிவிட்டுக் கையை விரித்தார். "அந்த மாடல் ஒண்ணுதாம்மா இருந்தது. அதோ, அந்த சார் தலையில இருக்கு."

"அப்போ அதுக்கே பில் போடுங்க."

"நல்லா இருக்கே! அவர் எப்படிம்மா விட்டுக்கொடுப்பார்?"

"அவர் போட்டிருக்கற சட்டை நான் தைச்சது அண்ணே. டார்ச்சுக்குன்னு தனிப் பை வெச்சு உலகத்துலயே ஒரே ஒருத்தருக்குத்தான் தைச்சுக் கொடுத்திருக்கேன்."

நேராக ஸ்டூலுக்கு வந்தாள். ஹெல்மெட் வாரில் மடங்கிக் கிடந்த காலரை எடுத்துவிட்டாள்.

"உள்ளே வந்ததுமே பார்த்துட்டேன். வீட்டுல சொல்லியிருந்தா கத்தித் தீர்த்திருப்பீங்க, இதுக்குள்ள இருந்தா வெறும் 'ம்ம்ம்'தானே கேக்கும்!"