சாக்பீஸ் கோடு

தொண்ணூற்று மூன்றில் ஏரல் பக்கம் ஊதிப் பார்க்கும் மெஷின் எதுவும் வந்திருக்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்கள், கோர்ட்டு உத்தரவுப்படி திங்கட்கிழமைதோறும் டாக்டர் சித்ரலேகாவிடம் வர வேண்டும். அவர் வாயால் ஊதச் சொல்லி மோந்து பார்ப்பார். பிறகு தரையில் கிழித்த சாக்பீஸ் கோட்டின் மேல் வெறுங்காலோடு நடக்கச் சொல்வார். யார் தேறுவார், யார் மறுபடியும் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பார் என்று அந்த நடையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கணிப்பு பொய்த்ததே இல்லை.

வாழைத்தார் வேன் ஓட்டும் பெருமாள்ராஜின் கால் ஒருநாளும் கோட்டில் நின்றதில்லை.

"இவர் திருந்த மாட்டாரும்மா. சாவியை வாங்கி வச்சுக்கோங்க" என்று அவன் மனைவி பேச்சித்தாயிடம் டாக்டர் சொல்லியிருந்தார்.

"திருந்திருவாவ, டாக்டரம்மா" என்றாள் அவள், முகம் சுண்டிப்போய்.

போன வாரம் வேன் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்தது. பெருமாள்ராஜின் உடலை அறுத்துப் பார்த்ததும் சித்ரலேகாதான்.

இந்தத் திங்கட்கிழமையும் பேச்சித்தாய் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எதுக்கும்மா வந்தீங்க?"

"அவுகளைக் கூட்டிட்டு வந்தேன். நடந்து காட்டிட்டாவ, பாருங்க."

சாக்பீஸ் கோட்டின் மேல் ஈரக் காலடிகள், ஆற்று மணலோடு, ஒரு விரற்கடைகூட விலகாமல் சுவர் வரைக்கும் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை. பேச்சித்தாயின் பாதங்கள் காய்ந்துதான் இருந்தன.

"இப்பமாவது சொல்லுங்கம்மா" என்றாள் அவள். "திருந்திட்டாவல்லா?"