டஜன்

அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, ஓரங்களை வெட்டி, கறுப்பு வெள்ளைக்கு மாற்றினான். கீழே என்ன எழுதுவது என்றுதான் பிடிபடவில்லை.

"'நீங்கள் இல்லாத வீடு'... எப்படி இருக்கு?" என்று மனைவியைக் கேட்டான்.

"மாமா என்ன செத்தா போயிட்டாரு? மத்தியானச் சாப்பாட்டுக்கு வரலை, அவ்வளவுதான். கலர்ல போடுங்க. என்ன சட்டைன்னாவது நாலு பேருக்குத் தெரியட்டும்."

"கறுப்பு வெள்ளைன்னா லைக் அள்ளும்டி!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனார் எழுபது தாண்டிய சர்க்கரைக்காரர். சாப்பாடு மேஜையில் மூடியபடி இருக்கிறது, போன் அடித்தால் எடுக்கவில்லை. இவனுக்கு லைக் கவலை.

சமூக வலைத்தளத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு பதிவு போடுகிறவன் இவன். பல் தேய்த்தால் ஒரு பதிவு, பஸ் வராவிட்டால் ஒரு பதிவு, வந்து தொலைத்தால் அதற்கும் ஒன்று. அலுவலகத்தில் 'டஜன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப்போகிற ஜென்மம்.

"காலையில நீங்கதானே வீட்டுல இருந்தீங்க. மாமா எதுவும் சொல்லலையா?"

"ஏதோ வந்து சொன்னாரு. நான் டைப் பண்ணிட்டிருந்தேன். தலையாட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"அதெல்லாம் யாரு கேட்டா?"

அவள் செருப்பை மாட்டினாள். பூங்கா, மருந்துக்கடை, முடிவெட்டும் கடை என்று ஒன்று விடாமல் அலைந்தாள். எங்கும் இல்லை. வீட்டுக்குத் திரும்பினாள்.

டஜன் அதற்குள் தன் கணக்கை முடித்திருந்தான். 'தந்தை என்னும் தூண்', 'தேடலின் வலி', 'வெற்று நாற்காலி' என்று வரிசையாகப் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் கீழே 'அருமை', 'தொடருங்கள்'. ஒரு புண்ணியவான் 'அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று கேக் படம் வேறு போட்டிருந்தான்.

"அப்பாவைக் காணோம்னு இதுல எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

"அதைப் படிக்கிறவங்க உணரணும்."

தூ என்று துப்பலாம் போலிருந்தது. அவளும் அதே தளத்தில் இருப்பவள்தான். எழுதுவதற்கு ஏதாவது இருந்தால் மட்டும் எழுதுவாள், வருஷத்துக்கு ஒன்று தேறினால் அதிகம். இப்போது உட்கார்ந்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள்.

'என் மாமனாரைக் காணவில்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது காலைத் தாங்கித் தாங்கி நடப்பார். சர்க்கரை உண்டு. பார்த்தால் உட்காரவைத்து, சாப்பிட ஏதாவது கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.' கூடவே அவர் சிரிக்கும் படம், கலரில்.

எட்டிப் பார்த்த டஜன் உதட்டைப் பிதுக்கினான். "இவ்வளவுதானா? உணர்ச்சியே இல்லையே!"

கொஞ்ச நேரத்தில் வாசலில் டாக்ஸி நின்றது. கையில் பாதிப் பொட்டலம் பாப்கார்னோடு அப்பா மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"என்னம்மா இது, என்னைக் காணோம்னு போட்டிருக்கே! இடைவேளையில போனை எடுத்தா, அதுல நானே சிரிக்கிறேன். தூக்கிவாரிப் போட்டுது. விழுந்தடிச்சு ஓடி வரேன்!"

"நீங்க போனையே எடுக்கலையே மாமா!"

"தியேட்டர்ல சத்தத்தை அணைச்சு வெச்சேன். வெளியில சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கிட்டேன். சினிமாவுக்குப் போறேன்னு இவன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்? தலையை வேற ஆட்டினானே!"

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. டஜனோ 'என் எழுத்து மீட்ட தந்தை' என்று பதின்மூன்றாவதைத் தட்ட ஆரம்பித்திருந்தான்.

"பன்னிரண்டு போட்டேன்ப்பா! எதைப் பார்த்து ஓடி வந்தீங்க?"

"மருமக போட்டதைப் பார்த்து."

"அப்ப என்னோடது? ஒண்ணுகூடவா கண்ணுல படலை?"

அப்பா மருமகளைப் பார்த்தார். அவள் அவசரமாக எழுந்து, ஆறிப்போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நழுவினாள்.

"உன்னை ம்யூட்ல போட்டு ரெண்டு வருஷமாச்சுடா... இவதான் போட்டுக் குடுத்தா."