டாக்ஸி வேண்டாம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மாமியார். அவருக்கு ஒரே ஒரு மருமகள். ராஜா ராணிக்குத் தேர் இருந்ததுபோல இவர்களுக்கு ஒரு பழைய கார்.

மருமகள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் வாய் ஓயாமல் வழி சொல்ல, ஒருநாள் அந்தத் தேர் சிக்னல் கம்பத்தில் போய் முட்டியது. மருமகளுக்குக் கீறல்கூட இல்லை. மாமியாருக்கு இடது கை எலும்பு முறிந்தது.

இன்று இருவரும் இன்சூரன்ஸ் ஆபீசில்.

"கூட உட்கார்ந்து வந்தவங்களுக்கும் இழப்பீடு உண்டும்மா," என்றார் அதிகாரி. "ஆஸ்பத்திரிச் செலவு, அப்புறம் வலி வேதனைக்குன்னு ஒரு தொகை..."

"வலி எனக்கு. நான் முனகுறதைக் கேக்குற வேதனை வீட்டுல எல்லாருக்கும். ரெண்டையும் சேர்த்துத் தாராளமா போடுங்க தம்பி."

"தப்பு யார் மேல?"

"கம்பமா குறுக்கே ஓடி வந்துச்சு? இதோ உக்காந்திருக்காளே, இவ மேலதான்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த மேசைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"கட்டுப் பிரிச்சதும் கைக்குப் பயிற்சி எடுக்கணும். போய் வர நாங்களே டாக்ஸி அனுப்புறோம்."

"டாக்ஸி வேண்டாம்."

"வாசலுக்கே வரும்மா. காசு எங்களோடது."

"டாக்ஸிக்காரனா என் கையை உடைச்சான்? உடைச்சவ கொண்டுபோய் விடட்டும்."

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அத்தை, அன்னையிலேருந்து ஸ்டியரிங்கைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குது. அதனாலதானே வண்டியில கொண்டுபோய்க் குடுத்துக்கிட்டிருந்த கேக் ஆர்டர் எல்லாத்தையும் நிறுத்திட்டேன்? இனிமே வண்டியைத் தொடவே மாட்டேன். நாளைக்கு அதை வாங்க ஆள் வராங்க..."

"வரவேண்டாம்னு போன் பண்ணு. வித்துட்டா நான் எதுல போறது, உன் கேக் டப்பாவுலயா? வெளிய என் பிள்ளை காரோட காத்துக்கிட்டிருக்கான். அவனைப் பின்சீட்டுக்குத் தள்ளிட்டு சாவியை வாங்கு. போ!"

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள்.

"பார்த்தீங்களா சார்?" என்று அடுத்த மேசைக்காரர் அதிகாரியின் காதைக் கடித்தார். "கோர்ட்டுகூட இப்படி ஒரு தண்டனை குடுக்காது. மாமியாருன்னா மாமியாருதான்!"

அதிகாரி பேப்பரைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"ஏம்மா, நீங்க கேட்டிருக்கிற பயிற்சி மையம் ஊரோட அந்தக் கோடியில இருக்கு. உங்க தெருமுனையிலயே நல்லதா ஒண்ணு இருக்கே. காரும் வேண்டாம், டாக்ஸியும் வேண்டாம். நடந்தே போயிடலாம்."

மாமியார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மருமகள் தூரத்தில் காரின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாகத் தயங்கிக்கொண்டிருந்தாள்.

மாமியாரின் குரல் முதல்முறையாகத் தணிந்தது.

"அங்க போனா என் கை சரியாயிடும் தம்பி. அவ கை?"

மாவுக்கட்டைத் தாங்கிப் பிடித்தபடி எழுந்து, அதே முன்சீட்டில் உட்காரக் கிளம்பிப் போனார்.