அரை அடி

குனிந்து நுழைந்தும் வாசற்காலில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டாள். கண்ணில் பொறி பறந்தது.

நல்ல சகுனம்தான். புயல் கரையேற இன்னும் ஐந்து மணி நேரம்.

ஒரு வாய் தண்ணீர் குடிக்கத்தான் அஞ்சலாட்சியின் வீட்டுக்குள் வந்தாள். காலையிலிருந்து கடலோரத் தெருக்களில் தொண்டை கிழியக் கத்தி, எல்லோரையும் கிளப்பி, இந்த மூன்றாம் தெருவுக்கு அனுப்பியிருந்தாள்.

இங்கே வெள்ளம் ஏறாது. வெள்ள அபாய வரைபடத்தில் இந்தத் தெரு பச்சை. போன வருஷம் டேப் பிடித்து அளந்து, பச்சை பூசியதே அவள்தான்.

அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வெளியே காற்று ஊளையிட்டது. குடிசைக்குப் பத்துப் பேராக, கோழியும் குழந்தையும் மூட்டையுமாக முந்நூறு பேர்.

"எல்லாரும் இடிச்சுக்கிறதுதாம்மா." அஞ்சலாட்சி சொம்பை நீட்டினாள். "போன வெள்ளத்துக்கப்புறம் மூணடி மண்ணடிச்சு தரைய ஒசத்திட்டோம். வாசக்கால் மட்டும் அப்படியே நின்னுபோச்சு."

சொம்பு உதட்டருகே நின்றது.

சுவரில் அந்த வெள்ளத்தின் பழுப்புக் கோடு. தரையிலிருந்து அரை அடி.

தெருவுக்கே இந்த ஒரு கோடுதான். மற்றதெல்லாம் மண்சுவர். வெள்ளத்தோடு கரைந்து போய், அதே பள்ளத்தில் மறுபடி எழுந்த குடிசைகள். அதனால் இங்கே மட்டும் அளந்தாள். அரை அடி என்று எழுதினாள். தெரு முழுக்கப் பச்சை பூசினாள்.

உயர்த்திய தரையிலிருந்து அரை அடி.

அப்படியானால் தெருவில் மூன்றரை.

குழந்தைகளின் தலைக்கு மேல்.

மூன்று படி ஏறித்தான் இப்போது உள்ளே வந்தாள். போன வருஷமும் ஏறியிருப்பாள். எண்ணவில்லை, பாவி.

சொம்பைக் கீழே வைத்தாள். போனை எடுத்தாள்.

"வேன் எல்லாத்தையும் மூணாம் தெருவுக்குத் திருப்புங்க. இப்பவே."

"அது பச்சையாச்சே மேடம்?" என்றார் டிரைவர். "நீங்க போட்டதுதானே?"

"நான்தான் போட்டேன். தப்பாப் போட்டேன். வாங்க."

வாசலுக்கு ஓடினாள். எதிர்க் குடிசையில் ஒரு பெண், தூளியில் பிள்ளையைக் கிடத்திவிட்டு இவளைப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம் என்கிற சிரிப்பு.

இறங்கினாள். இந்த முறை எண்ணினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது படி நனைந்திருந்தது.

மழை இன்னும் தொடங்கவே இல்லை.