மூக்கம்மா

பளபளவென்று இருக்கட்டுமே என்று ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துத் தொலைத்தேன். தூசியோடு, பாட்டில்மேல் பேனாவால் எழுதியிருந்த பெயர்களும் போய்விட்டன.

இப்போது என் கையில் இரண்டு பழுப்பு நிறக் குட்டி பாட்டில்கள். ஒன்றில் லாவண்டர் எண்ணெய். இன்னொன்றில் கிராம்பு எண்ணெய். எது எதுவென்று தெரியவில்லை.

சொட்டுக்குழாயில் ஏற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே வெளிர் மஞ்சள். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட எங்காவது ஒரு மச்சமாவது வித்தியாசமாக இருக்கும்.

மூக்கு இருக்கிற எவளும் மூடியைத் திறந்ததும் சொல்லிவிடுவாள்.

எனக்கு ஆறு மாதமாக வாசனை தெரியாது.

எல்லாம் அந்தக் காய்ச்சல் செய்த வேலை. என்னையும் பார்லர்கார அக்காவையும் ஒரே வாரத்தில் படுக்கப் போட்டது. பத்து நாள் பார்லரைப் பூட்டி வைத்தோம். அக்கா எழுந்து பழையபடி வந்துவிட்டார். நானும் வந்தேன். மூக்கு மட்டும் வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் கலப்பதுதான் என் வேலை. பழசான எண்ணெயைக் கிட்டே கொண்டுவந்தாலே கண்டுபிடித்துவிடுவேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் அக்கா பெருமையடித்துக்கொள்வார். அவர் எனக்கு வைத்த பட்டப்பெயரே மூக்கம்மா. மூக்கு போன மூக்கம்மாவுக்கு இங்கே என்ன வேலை?

அன்றிலிருந்து பெயரைப் படித்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். காய்ச்சலுக்குப் பிறகு எதைக் கண்டாலும் என்னிடம் நீட்டுகிறார். பால் கெட்டுப்போச்சா பாரு. துண்டு வாடை அடிக்குதா பாரு. இன்று காலையில்கூட, பின்னறையில் துண்டு சூடாக்கும் அடுப்புக்குப் புது சிலிண்டரை மாட்டியதும் கூப்பிட்டார்.

"மூக்கம்மா, கேஸ் வாசனை ஏதாவது வருதா?"

மூச்சை நன்றாக இழுத்தேன். கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, இல்லக்கா என்றேன்.

என்னைச் சோதித்துப் பார்க்கிறார். என்றைக்கு மாட்டிக்கொள்ளப் போகிறேனோ என்று தினமும் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாள் இன்றுதான் போலிருக்கிறது.

நாற்காலியில் டீச்சர் முடியை விரித்துப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். போன வருடம் வேறு ஏதோ ஒரு பார்லரில், எதிலும் கலக்காத எண்ணெயை அப்படியே இவர் தலையில் தேய்த்துவிட்டார்களாம். நெற்றியோரத்தில் வெந்த தழும்பு இன்னும் போகவில்லை. எங்கள் வாசல்வரை மூன்று தடவை வந்து பயந்து திரும்பிப் போனவர். போன வாரம் முழங்கை மடிப்பில் லாவண்டரைத் தடவி, ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் இன்று உள்ளே வந்திருக்கிறார். லாவண்டர் மட்டும் போதும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அந்தத் தலையில் கிராம்பு பட்டால்?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு வார்த்தைதான் வந்தது.

"டீச்சர் தலையாச்சே, நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்கக்கா." கைக்கு வந்த பாட்டிலை நீட்டினேன்.

அக்கா வாங்கி மூக்கருகே வைத்தார். கண்ணை மூடினார். ஆழமாக இழுத்தார்.

"அசல் லாவண்டர். தைரியமா போடு!"

போன உயிர் திரும்பி வந்தது. அக்கா பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்த லைட்டரை எடுத்துக்கொண்டு துண்டு சூடாக்கக் கிளம்பினார். பின்னறைக் கதவு காலையிலிருந்து மூடியே இருந்தது.

கிண்ணத்தில் பாதாம் எண்ணெய் இரண்டு கரண்டி. அதில் ஆறு சொட்டு. எண்ணி எண்ணி விட்டேன். கலக்கி எடுத்துக்கொண்டு டீச்சருக்குப் பின்னால் போய் நின்றேன். விரலை நனைத்தேன்.

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா இது, பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி கிராம்பு வாசனை தூக்குது?"

என் விரல் அப்படியே நின்றது. நல்லவேளை, அவர் தலையில் இன்னும் படவில்லை.

பின்னறைக் கதவுக் கைப்பிடியில் அக்காவின் கையும் நின்றது.

எதிரே இருந்த பெரிய கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. ஆறு மாதமாக, பார்லரைத் திறந்ததும் இதே கண்ணாடியில் நான் பார்க்கிற முகம் அது.

அக்காவுக்கும் வாசனை தெரியாது.

பால், துண்டு எதுவுமே சோதனை இல்லை. அவருக்குத் தெரியாததால் என்னைக் கேட்டிருக்கிறார். நான் சொன்னதையெல்லாம் நம்பியிருக்கிறார்.

காலையில் நான் சொன்ன 'இல்லக்கா' அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே நேரத்தில் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கைப்பிடியை விட்டார். லைட்டரைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார்.

"டீச்சர்..." அக்கா கூப்பிட்டார். "கொஞ்சம் எந்திரிச்சு வாங்களேன். இந்தக் கதவு இடுக்குல ஏதாவது வாசனை வருதான்னு பாத்துச் சொல்லுங்க."