பெருக்கல் குறி மறையும் நேரம்

“டேய் கிரிமி, பெருக்கல் குறி இன்னும் தெரியுதா, மறைஞ்சிடுச்சா?”

“ரெண்டு தெரியுது, மச்சான்.”

“நாம ஒண்ணுதானேடா போட்டோம்?”

கிரிமி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பீக்கருக்குள் எட்டிப் பார்த்தான். முந்தின நாள் இரவு மேரு டவுனில் பெரிய திரை கட்டிப் பந்தாட்டம் காட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போயிருக்கலாம். தோற்ற அணிக்காக வருத்தப்பட ஆள் வேண்டுமே என்று விடியும்வரை உட்கார்ந்துவிட்டான்.

இன்று பள்ளி ஆய்வகத்தில் தேசியத் தேர்வு. வேதியியல் செய்முறை. வேலை ஒன்றும் பெரிதில்லை. காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் பீக்கரை வைத்து, தையோசல்பேட் கரைசலை ஊற்றி, அமிலத்தைச் சேர்க்க வேண்டும். கரைசல் மெல்ல மெல்லப் பால்போலக் கலங்கும். அடியில் இருக்கும் குறி எத்தனை விநாடியில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கரைசலைக் கொஞ்சம் சூடாக்கி மறுபடி. இன்னும் சூடாக்கி மறுபடி. சூடு ஏற ஏற வினையின் வேகமும் ஏறும், குறி சீக்கிரம் மறையும். நாலு வெப்பநிலை, நாலு எண்கள்.

முதல் தடவை கிரிமி ஸ்டாப்வாட்சை அழுத்த மறந்தான். அடுத்த தடவை அழுத்தினான். ஆனால் குறி மறைவதற்குள் அவன் கண் சொக்கிவிட்டது. அதற்கடுத்து சூடாக்கும்போது கரைசல் பொங்கி வழிந்து பர்னரையே அணைத்துவிட்டது.

“பாட்டில்ல எவ்வளவு மிச்சம்?”

பக்கத்தில் நின்ற முதோமி பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரே ஒரு சொட்டு வந்தது, அதுவும் யோசித்து.

“வேற பாட்டில்?”

“எல்லாருக்கும் அளந்து ஊத்தியாச்சு. நீ நின்னுக்கிட்டே தூங்குவேன்னு யாருக்குத் தெரியும்?”

“தொலைஞ்சேன் போ. போன வருஷம் சொதப்பினதுக்கே பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஸ்கூல் பாத்துக்கோன்னுட்டாரு. எங்கப்பா வேற, சர்ச்சுல முன்பெஞ்சுல உட்கார்ந்து என் பெருமையைத்தான் பேசிக்கிட்டிருக்காரு.”

“கடைசி மேசை! அங்கே என்ன பேச்சு?” வேறு பள்ளியிலிருந்து கண்காணிக்க வந்திருந்த கனானு மேடத்தின் குரல்.

இருவரும் காலி பீக்கரைப் பக்தியோடு பார்த்தார்கள்.

மேடம் திரும்பியதும் முதோமி முணுமுணுத்தான். “அடுத்த கேள்வியாவது தெரியுமா? சமநிலைன்னா வினை நின்னுபோச்சுன்னு அர்த்தமா?”

“நிக்காதுடா. முன்னாடி போற வேகமும் பின்னாடி வர்ற வேகமும் ஒண்ணா இருக்கும். உள்ளே வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும். வெளியே இருந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியும்.”

“உன்னை மாதிரி.”

“எனக்கு உள்ளேயும் ஒண்ணும் நடக்கலடா.”

கிரிமியின் பார்வை ஜன்னலோர மேசைக்குப் போனது. அங்கே கத்விரி. குனிவதும், வாட்சை அழுத்துவதும், எழுதுவதுமாக நாலாவது எண்ணையே முடித்துவிட்டிருந்தாள்.

முதோமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அவகிட்டயா? போன வாரம் நீ போர்டுல எழுதின சமன்பாட்டைத் தப்புன்னு எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொன்னாளே, அவகிட்டயா? வெட்கமா இல்ல?”

“தப்பாத்தானே எழுதியிருந்தேன்? அதனாலதான் அவளை நம்புறேன்.”

கிரிமி பீக்கரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரக் குழாயடிக்குப் போனான். கழுவினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். திருப்தியில்லாமல் மறுபடி கழுவினான். அந்த ஆய்வகத்தில் இவ்வளவு சுத்தமான பீக்கரை யாரும் பார்த்ததில்லை. கத்விரி நிமிர்ந்தபோது அவன் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான். அதற்குள் நாலு எண்களும் மனப்பாடம்.

திரும்பி வந்து கட்டத்தை நிரப்பினான். ஓர் எண்ணில் ஒரு விநாடியைக் கூட்டினான், இன்னொன்றில் ஒரு விநாடியைக் குறைத்தான்.

“இது எதுக்குடா?”

“அப்படியே எழுதினா காப்பி அடிச்ச மாதிரி ஆயிடும்ல?”

எண்களை வரைபடத்தில் புள்ளியாக வைத்து இணைத்தான். கோடு மலையிறக்கம்போல வழுக்கிக்கொண்டு வந்தது. சமையல்கூடத்திலிருந்து மந்தாசிப் பலகாரம் பொரியும் வாசனையும் வந்தது. உலகத்தின்மேல் கிரிமிக்கு எந்தக் குறையும் இல்லை.

மணி அடித்தது. கனானு மேடம் மேசை மேசையாக விடைத்தாள்களை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாக அவனிடம் வந்து கையை நீட்டினார்.

“பசங்க தாள் எல்லாம் வந்தாச்சு. நீங்க செஞ்சு பாத்த எண்களையும் குடுங்க, சார். அதோட ஒப்பிட்டுத்தானே ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்க் போடுவாங்க!”

ஆய்வக உதவியாளர் முதோமி காலி பாட்டில்களை அடுக்கத் தொடங்கினார். வேதியியல் ஆசிரியர் கிரிமி நிறைந்த மனதோடு தாளை நீட்டினார். இந்த வருஷம் தன் மாணவர்களில் ஒருத்தியாவது முழு மதிப்பெண் வாங்குவாள் என்பதில் அவருக்குத் துளிகூடச் சந்தேகமில்லை.