குறுக்கே கிடக்கும் புளியமரம்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியலுக்காக வெட்டிச் சாய்த்த புளியமரம், உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் சாலையில் மூன்றாம் நாளாகக் குறுக்கே கிடக்கிறது. அந்தப் பக்கம் ஒரு ராணுவ லாரி நிற்கிறது. இந்தப் பக்கம் கோடரியோடு பொன்னுரங்கம் நிற்கிறார். தபாலும் இந்த மரத்தைத் தாண்டவில்லை. சாவுத் தந்திக்கு முன்னால் சவப்பெட்டியே வந்துவிட்டது. லாரியிலிருந்து இறங்கிய அதிகாரி தாளைப் பார்த்துத் தமிழழகன் என்ற பெயரைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறார். அது பொன்னுரங்கத்தின் மகன் பெயர். விமானப்படையில் ஜெட் விமானத்தை முதன்முறையாகத் தனியே ஓட்டிப்போனவன், இறங்கும்போது போய்விட்டானாம். வெயில் ஏறுகிறது. வாடிய புளியிலைகள் காற்றில் பறந்து பெட்டியைச் சுற்றிய தேசியக்கொடிமேல் விழுகின்றன. பொங்கலுக்கு வந்திருந்தபோது மகன் சொன்னது அவர் காதுக்குள் கேட்கிறது.

"இம்மா நாளும் பின்னாடி வாத்தியார் உக்காந்துகினு வந்தாருப்பா. இந்த பிளேன்ல ஒரே சீட்டுதான். ஒண்டியாத்தான் போவணும்."

"இன்னாடா இது, பேச்சுத் துணைக்காவது ஒரு ஆள் வாணாமா?" என்று கேட்டு அன்றைக்கு அவர் சிரித்தார்.

தங்கதுரையும் மற்ற ஊர்க்காரர்களும் அரிவாளோடு ஓடிவந்து, பெட்டிக்கு வழிவிடக் கிளைகளில் கை வைக்கிறார்கள். பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். இந்த மரத்தில் முதல் வெட்டு அவருடையது; வெட்டுவாய் இன்னும் ஈரம் காயவில்லை.

"தொடாதீங்கடா," என்கிறார். "சாய்ச்சது நான். நானே ஒண்டியா வெட்டிக்கிறேன்."